பொதுநலவாயத்தில் ஒரு பட்டிமன்றம்

பட்டிமன்ற நடுவரின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பது நம்மவர்களிடையே எழுதாத சட்டம். எவ்வளவு காரசாரமாகப் பேசினாலும், கடைசியில் நடுவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கத்துக்குக் கைதட்டிவிட்டு எல்லோரும் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட வேண்டும். சிட்னியில் ஒரு மண்டபத்தில், சபை நிறைந்திருந்த ஒரு மத்தியானத்தில், நான் அந்தச் சட்டத்தை மீறினேன். மேடையில் எழுந்து நின்று, "இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை" என்றேன். அதன் பிறகு எங்கள் தமிழ்ச் சங்கம் என்னை எந்த மேடைக்கும் அழைக்கவில்லை. அதற்காக நான் வருந்தவுமில்லை.

நான் ஓர் அரசாங்கப் பாடசாலையில் மேல்வகுப்புகளுக்குச் சட்டக்கல்வி கற்பிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே வந்து படித்து, இங்கேயே ஆசிரியையானவள். சிட்னியின் நார்த்மீட்டில் எங்கள் வீடு. வீட்டின் பின்வளவில் ஒரு சின்னப் பிளாட் இருக்கிறது. அதில் ஒரு தாயும் மகளும் வாடகைக்கு இருந்தார்கள். இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். தாய்க்கு ரொட்டி சுடும் ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில் வேலை. அவர்களின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீடு செய்து, அதுவும் எங்கோ தேங்கி நின்றது. கையில் இருந்தது பிரிட்ஜிங் விசா. ஒரு விசாவுக்கும் இன்னொரு விசாவுக்கும் நடுவில் போட்ட பாலம் என்பது அதன் பொருள். இவர்கள் ஏறி நின்ற பாலத்துக்கு மறுகரையை யாரும் கட்டவில்லை.

மகள் என் மாணவி. வீட்டில் என்னை அன்ரி என்பாள், பாடசாலையில் மிஸ் என்பாள். கெட்டிக்காரி. எரிச்சலூட்டும் அளவுக்குக் கெட்டிக்காரி. நான் ஒரு வழக்கைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எதிர்த்தரப்பு என்ன சொல்லியிருக்கும் என்று கேட்பாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் மிக நன்றாகச் செய்தாள். அவளோடு படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். கட்டணத்தை அரசு கடனாகக் கொடுக்கும். உழைக்கத் தொடங்கியபின் திருப்பிக் கட்டலாம். இவளுக்கு அந்தக் கடன் இல்லை. வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கட்டுகிற கட்டணத்தை அப்படியே கட்ட வேண்டும் என்றார்கள். முதலாம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்த பிள்ளை, வெளிநாட்டு மாணவி!

தாய் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மகள் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

அந்த வருடந்தான் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். வழக்கமாகத் தலைப்பு பழைய பாட்டா புதிய பாட்டா, மாமியாரா மருமகளா என்ற அளவில் இருக்கும். இந்த முறை பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் விருந்தினராக வருகிறார், விழாவுக்கு அரசு மானியமும் கிடைத்திருக்கிறது. ஆகவே தலைப்பு கனமாக இருக்க வேண்டும் என்று சங்கத் தலைவர் விரும்பினார். அவர் யாழ்ப்பாணத்தவர், என்னைவிட மூத்தவர், மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவர் தேர்ந்த தலைப்பு: அரசு செலவிடும் பணத்தில் பொதுநலனுக்கு எல்லை வேண்டுமா, வேண்டாமா?

"நீங்கள் சட்டம் படிப்பிக்கிறனீங்கள். நீங்கள் இல்லாமல் இதைச் செய்ய ஏலாது, தங்கச்சி" என்று தொலைபேசியில் சொன்னார். எனக்கு 'எல்லை வேண்டாம்' அணி.

சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன். இது நான் வகுப்பில் வருடாவருடம் கற்பிக்கிற விஷயம். அமெரிக்க அரசியலமைப்பில் பொதுநலன் என்ற சொல் வரி பற்றிய பிரிவிலேயே இருக்கிறது. அந்தச் சொல் எவ்வளவு அகலம் என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடிக்கிறார்கள். அவுஸ்திரேலிய அரசியலமைப்பில் அந்தச் சொல் இல்லை. மத்திய அரசு தன் பணத்தை 'காமன்வெல்த்தின் நோக்கங்களுக்காக' எடுத்துச் செலவிடலாம் என்று மட்டும் இருக்கிறது. எந்த நோக்கம், யாருடைய நோக்கம் என்று இல்லை.

ஆனால் நாங்கள் இலங்கையில் காமன்வெல்த்துக்குத் தமிழில் என்ன சொல் படித்தோம்? பொதுநலவாயம். ஆங்கிலத்தில் தேய்ந்து மறைந்துபோன பொருள் தமிழில் பளிச்சென்று நிற்கிறது. இந்த நாட்டின் பெயரே அவுஸ்திரேலியப் பொதுநலவாயம். பொதுநலனைத் தேடி அரசியலமைப்புக்குள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கத் தேவையில்லை, அட்டையிலேயே இருக்கிறது. இதுதான் என் தொடக்கம் என்று முடிவுசெய்தேன். முடிவாக, பெயர் சொல்லாமல், பின்வளவுப் பிள்ளையின் கதையைச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பிளாட்டின் கதவைத் தட்டினேன். சூப்பர்மார்க்கெட் சீருடையோடு படியில் உட்கார்ந்து நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம், மிஸ்."

வீட்டில் அவள் என்னை மிஸ் என்றால் கோபம் என்று அர்த்தம்.

"பேர் சொல்ல மாட்டன், பிள்ளை."

"பேர் சொல்லாட்டியும் எல்லாருக்கும் தெரியும். நாலு அன்ரிமார் அழுவினம். பிறகு சாப்பாட்டில எனக்கு ஒரு வடை கூட வைப்பினம். ஐ டோன்ட் வோன்ட் தட். என்னைச் சோகக் கதை ஆக்காதேங்கோ. சட்டத்தைக் கதையுங்கோ. நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள், அழுது வெல்லுறது வாதம் இல்லை எண்டு."

நான் அப்படிப் படிப்பித்தது உண்மைதான். திரும்பி வந்து என் பேச்சின் கடைசிப் பகுதியை முழுக்க வெட்டினேன். அந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியாமல் மறுபடி அரசியலமைப்பை எடுத்து வாசித்தேன். பல வருடங்களாகக் கற்பித்தும் ஒருபோதும் கவனிக்காத ஒன்று அப்போதுதான் கண்ணில் பட்டது. அதை மேடைக்கு வரும்போது சொல்கிறேன்.

விழாவுக்கு முந்திய வாரம் தலைவர் வீட்டுக்கே வந்தார். என் கணவர் அவருக்குக் கதிரை போட்டுக் கோப்பி கொடுத்தார். ஊர்ப்புதினம் எல்லாம் கதைத்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்தபோது விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, நல்லாப் பேசுங்கோ. ஆனால் அந்த விசா விசயம் மட்டும் வேண்டாம். எம்.பி. வாறார்."

"அண்ணை, தலைப்பே அரசு ஆருக்குச் செலவழிக்க வேணும் எண்டதுதானே?"

"ஓம், அது அரசியலமைப்பு. விசா எண்டால் அரசியல்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"நீங்களும் அகதியாத்தானே அண்ணை வந்தனீங்கள்?"

"நாங்கள் பிளேனில வந்தனாங்கள்" என்றார்.

அந்த வசனத்தை அவர் ஒரு சான்றிதழைப் போல நீட்டினார். கெட்ட மனிதர் அல்ல. தன் கடைக்கு மருந்துச் சீட்டோடு வந்த எத்தனையோ புதுக் குடும்பங்களுக்கு அவர் உதவியதை நான் அறிவேன். ஆனால் சங்கத்துக்கு ஒரு நல்ல பெயர் சேர்ந்துகொண்டு வரும்போது, அந்தப் பெயரில் படகுத் தண்ணீர் தெறித்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. நம்மில் பலருக்கு அந்தப் பயம் இருக்கிறது. கதவுக்குள் வந்தவன் கதவைச் சாத்துகிற வேகத்தில்தான் அது தெரியும்.

"ஒரு வாக்குத் தாங்கோ" என்றார்.

"தர ஏலாது, அண்ணை. வேறு ஆளைப் பாருங்கோ. நான் கோவிக்க மாட்டன்."

வேறு ஆள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். "போட்டு வாறன்" என்று எழுந்து போனார். என் கணவர் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "சண்டை பிடிக்கிறதுக்கு உமக்கு ஒரு அரசியலமைப்பே தேவைப்படுது" என்றார்.

விழா நாளன்று மண்டபத்தில் பட்டுச்சேலைகளும் வேட்டிகளும் நிறைந்திருந்தன. பாராளுமன்ற உறுப்பினர் முன்வரிசையில் மாலையோடு இருந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. தலைவர் பக்கத்தில் இருந்து காதில் மொழிபெயர்த்தபடி இருந்தார். நடுவர் மதுரைக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். நகைச்சுவைக்காகவே அவரைக் கூப்பிடுவார்கள். மேசையில் அவருக்கு ஒரு மணி. எதிரணித் தலைவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த இருதய மருத்துவர். நான் அவரை அதற்கு முன் இரண்டொரு தரம் பார்த்திருக்கிறேன். அமைதியான மனிதர், ஏதோ சடங்குக்குப் பேசிவிட்டுப் போவார் என்று நினைத்திருந்தேன்.

நான் முதலில் பேசினேன். பொதுநலவாயம் என்ற சொல்லில் தொடங்கினேன். சபை அதை ரசித்தது. இந்திய நண்பர்கள் சிலர், "அட, ஆமா!" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மருந்தின் கதையைச் சொன்னேன். இது கற்பனையல்ல, இந்த நாட்டின் சரித்திரம். உலகப் போர்க் காலத்தில் மக்களுக்கு இலவச மருந்து கொடுக்க மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. மருந்து கொடுப்பது உங்கள் அதிகாரத்துக்குள் இல்லை என்று உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. போர் முடிந்ததும் அரசு மக்களிடம் போய் வாக்குக் கேட்டது. மக்கள் வாக்களித்து அரசியலமைப்பையே திருத்தினார்கள். விதவைகளுக்கு உதவி, வேலையற்றோருக்கு உதவி, மருந்து, வைத்தியம், மாணவர்களுக்கு உதவி எல்லாம் அப்படித்தான் உள்ளே வந்தன. "எல்லை என்று ஒன்று இருந்தது. மக்கள்தான் அதைத் தள்ளி வைத்தார்கள்" என்று முடித்தேன். நல்ல கைதட்டல். விசா என்ற சொல்லை நான் இன்னும் உச்சரிக்கவில்லை. சங்கத் தலைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிப் புன்னகைத்தார்.

அடுத்து மருத்துவர் எழுந்தார்.

"நடுவர் அவர்களே, மேடம் அழகா பேசினாங்க. நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். ஒரு அரசாங்கத்து கையில காசையும் குடுத்து, பொதுநலன்னு ஒரு சொல்லையும் குடுத்தா என்ன செய்யும்? எதை வேணும்னாலும் செய்யும். கடல் நடுவுல தீவுல முகாம் வெச்சு, படகுல வந்தவங்களை அடைச்சாங்களே, அது எந்தக் கணக்குல செஞ்சாங்க? நாட்டோட நலன்னு சொல்லித்தான் செஞ்சாங்க. அதுக்குக் கொட்டின காசு யாரு காசு? நம்ம காசு. அந்தச் சொல்லுக்கு வேலி போடணும்னு நாங்க சொல்றோம். எல்லையே வேண்டாம்னு அவங்க சொல்றாங்க. இப்ப நீங்களே சொல்லுங்க, இரக்கமில்லாதவங்க யாரு?"

சொல்லக் கூடாது என்று என்னிடம் கேட்ட விஷயத்தை எதிரணி நடுமேடையில் போட்டு உடைத்துவிட்டது. தலைவர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். பாராளுமன்ற உறுப்பினர் என்ன என்பதுபோல அவரைப் பார்த்தார். தலைவர் எதையோ சொல்ல, அவர் சிரித்துத் தலையாட்டினார். என்ன மொழிபெயர்ப்போ, யார் கண்டது.

மருத்துவர் சொன்னது வெறும் மேடைச் சாமர்த்தியம் அல்ல. நான் அகலமாகத் திறந்துவைத்த கதவால் முகாமும் உள்ளே வரும் என்று காட்டியிருந்தார். அடுத்து மற்றவர்கள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. பதிலுரைக்கு என்னை அழைத்தபோது, வெட்டி எறிந்த இடத்தில் புதிதாக வைத்திருந்ததை எடுத்தேன்.

"மருத்துவர் சொன்ன முகாம் உண்மை. காசும் உண்மை. ஆனால் அந்த முகாமைக் கட்டுவதற்கு அரசுக்குப் பொதுநலன் என்ற சொல் தேவைப்படவில்லை. அந்நியர், குடிவரவு என்று இரண்டு அதிகாரங்கள் அரசியலமைப்பில் முதல் நாளிலிருந்தே தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. நீங்கள் எவ்வளவு உயரமாக வேலி போட்டாலும் முகாம் நிற்கும். வேலியை நெருக்கினால் நின்றுபோவது மருந்தும் படிப்பும்தான். அடைக்கிறதற்கு அதிகாரம் எப்போதும் இருந்தது. கொடுக்கிறதற்குத்தான் மக்கள் வாக்குப் போட்டு வாங்க வேண்டியிருந்தது."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"இன்னொன்று. மக்கள் வாக்களித்துச் சேர்த்த அந்தப் பிரிவைப் போய் வாசியுங்கள். மாணவர்களுக்கு உதவி என்று இருக்கிறது. குடிமக்களான மாணவர்களுக்கு என்று இல்லை. குடிமகன் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. பிரிட்ஜிங் விசாவில் இருக்கிற ஒருவர் உழைத்தால்..."

மணி அடித்தது.

எனக்கு நேரம் மிச்சம் இருந்தது. நடுவருக்கும் அது தெரியும். அவரது பார்வை முன்வரிசைக்குப் போய்த் திரும்பியது.

"...உழைத்தால் அவரிடம் வரி எடுக்கிறார்கள். எடுக்கும்போது அவர் பொதுமக்களில் ஒருவர். கொடுக்கும்போது மட்டும் ஏன் வெளியாள்? இது இரக்கக் கேள்வி இல்லை. சட்டக் கேள்வி. அரசியலமைப்பு மூடாத கதவை யார் மூடினார்கள்?"

மறுபடி மணி. ஒலிவாங்கி திடீரென்று அடங்கியது. யார் சைகை காட்டினார்கள் என்று நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் பதினோராம் வகுப்பை இருத்தி வைத்த தொண்டை எனக்கு. ஒலிவாங்கியை விட்டு மேடையின் விளிம்புக்கு வந்தேன்.

"பொதுநலனுக்கு எல்லை வேண்டுமா என்று கேட்டீர்கள். முதலில் பொது என்றால் யார் என்று சொல்லுங்கள். பிறகு எல்லையைப் பற்றிக் கதைப்போம்."

உட்கார்ந்தேன்.

நடுவர் தீர்ப்புரையை ஒரு பகிடியோடு தொடங்கினார். வீட்டில் மனைவி கையில் வங்கி அட்டையைக் கொடுத்துவிட்டு எல்லை வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டார். சபை இறுக்கம் தளர்ந்து சிரித்தது. பிறகு கனிவான குரலில் சொன்னார்: "ஆசிரியை அம்மா உணர்ச்சிவசப்பட்டுப் பேசிட்டாங்க. தாய்மை உள்ளம். அதை மதிக்கிறோம். ஆனா அரசியலமைப்பு உணர்ச்சியால ஓடறதில்ல. அதனால, பொதுநலனுக்கு எல்லை வேண்டும்னு தீர்ப்பளிக்கிறேன்."

தோற்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பட்டிமன்றத்தில் தோற்பது சகஜம். ஆனால் உணர்ச்சி என்றாரே! கண்ணீர் வரவழைக்கும் கதையை வெட்டி எறிந்துவிட்டு, பிரிவையும் சொல்லையும் பிடித்துப் பேசியவளை, தாய்மை உள்ளம் என்று ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்தால்? மருத்துவர் முகாமைப் பற்றிப் பேசியபோது அது வாதம். நான் படிப்பைப் பற்றிப் பேசியபோது அது தாய்மை.

எழுந்தேன்.

"ஐயா, இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை."

"அம்மா, பட்டிமன்றத்துல மேல்முறையீடு கிடையாதும்மா" என்று சிரித்தார் நடுவர்.

"மருந்து கொடுக்க ஏலாது எண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நேரம், இந்த நாட்டுச் சனம் சாப்பாட்டு வரிசைக்குப் போகேல்லை, ஐயா. வாக்குப் பெட்டிக்குப் போனது. நான் பிரிவைத்தான் பேசினனான், உணர்ச்சியை இல்லை. அதுக்கு நீங்கள் பதில் சொல்லேல்லை. பதில் சொல்லாத தீர்ப்பு எனக்குத் தீர்ப்பில்லை."

கோபத்தில் மேடைத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. "இறங்கச் சொல்லுங்கோ" என்று ஒரு குரல். "கதைக்க விடுங்கோ" என்று இன்னொன்று. அறிவிப்பாளர் அவசரமாக வந்து, அடுத்த நிகழ்ச்சி பரதநாட்டியம் என்றார். காலில் சலங்கையோடு ஓரத்தில் காத்து நின்ற சிறுமிகள் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்காக மட்டும் இறங்கினேன்.

வாசலில் மாணவி நின்றாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எப்படி?" என்றேன்.

"நொட் பேட், அன்ரி" என்றாள். "ஆனா ஒரு வீக் பொயின்ட் இருக்கு. குடிமக்கள் எண்டு அதில இல்லை எண்டால், கவர்மென்ட் கொடுக்கலாம் எண்டுதான் அர்த்தம். கொடுக்க வேணும் எண்டு இல்லை. அந்த டொக்டர் அதைப் பிடிச்சிருந்தால் நீங்கள் முடிஞ்சீங்கள்."

அன்று எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான தீர்ப்பு அதுதான். அதோடு அவள் என்னை அன்ரி என்றதையும் கவனித்தேன்.

அடுத்த சில வாரங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுமம் கொதித்தது. மேடை நாகரிகம் தெரியாதவள் என்றார்கள். சரியாகத்தான் கேட்டாள் என்று சிலர். எந்தப் பக்கமும் சேராமல் கும்பிடு படம் மட்டும் போட்டவர்கள் அதிகம். தலைவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"நடுவரிட்ட ஒரு சொரி சொல்லுங்கோ, தங்கச்சி. இதோட முடிப்பம்."

"நான் அவரை ஏசினனானோ, அண்ணை? அவற்ற தீர்ப்பைத்தான் மறுத்தனான்."

"சபையில மறுத்தனீங்கள்."

"சபையிலதானே தீர்ப்புச் சொன்னவர்."

அவர் பெருமூச்சுவிட்டு வைத்துவிட்டார். அடுத்த வருடத் தலைப்பு, திருமணத்துக்குப் பொருத்தம் பார்க்க வேண்டுமா வேண்டாமா. எனக்கு அழைப்பில்லை. நான் பார்வையாளராகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கதிரை சங்கத்தின் கதிரை, நான் சந்தா கட்டிய உறுப்பினர். என்னைக் கண்டதும் அறிவிப்பாளர் தண்ணீர் குடித்தார்.

ஆனால் அதற்கு முன்பே வேறொன்று நடந்துவிட்டது. மருத்துவர் அழைத்தார்.

"மேடம், அந்த அந்நியர் பாயின்ட், நான் வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். நீங்க சொன்னது சரிதான். முகாம் விஷயத்துல என் வாதம் நிக்காது. ஆனா அதிகாரம் இருக்குன்னா கடமை இருக்குன்னு ஆகாதே? இதை இப்படிப் பாதியில விட்டா எனக்கு நிம்மதி இருக்காது."

"இதையேதான் என் மாணவி வாசலில் நின்று சொன்னாள்" என்றேன்.

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

லிட்கம் பகுதி நூலகத்தின் கூட்ட அறையை ஒரு சனிக்கிழமை பின்னேரம் எடுத்தோம். நடுவர் இல்லை, மணி இல்லை, மாலை இல்லை. வாய்வார்த்தையாகச் சொன்னதில் ஒரு சிறிய கூட்டம் வந்தது. பாதிப்பேர் பிரிட்ஜிங் விசாவில் இருந்தவர்கள். மேடையில் அவர்களைப் பற்றி நான் பேசினேன், மருத்துவர் பேசினார். அவர்கள் பேசி நாங்கள் இருவரும் கேட்டது அன்றுதான்.

மாணவி, அதிகாரமா கடமையா என்பதை எடுத்து, என்னையும் மருத்துவரையும் ஒரே நேரத்தில் மடக்கினாள். கடமை அரசியலமைப்பில் இருக்காது, அது பாராளுமன்றத்தில்தான் இருக்கிறது, ஆகவே நீங்கள் இருவரும் தவறான கட்டடத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றாள். மருத்துவர் சத்தமாகச் சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அப்போது அவளின் தாய் கையை உயர்த்தினார். அவர் கூட்டங்களில் பேசுகிறவர் அல்ல. மகளுக்குத் துணையாக வந்து கடைசி வரிசையில் இருந்தார்.

"நான் டொக்டர் ஐயாவின்ட பக்கம்" என்றார்.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு அரசாங்கத்தின்ட காசு வேண்டாம். காசு தந்தால் பிறகு அதைச் சொல்லிக் காட்டுவினம். நீங்கள் எங்கட காசில இருக்கிறியள் எண்டு ரீவியில சொல்லுவினம். எனக்கு விசாவைத் தரட்டும். மற்றதை நான் உழைச்சுப் பார்ப்பன். பிள்ளையின்ட படிப்புக்கும் நான் உழைப்பன்."

"அது எப்படி?" என்று நான் பாய்ந்தேன். "நீங்கள் கட்டின வரியிலதானே மற்றப் பிள்ளையளுக்குக் கொடுக்கினம்? அது உங்கட காசும்தான். அதைக் கேட்கிறது பிச்சை இல்லை, உரிமை."

"ரீச்சர்" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "நீங்கள் பொது பொது எண்டு சொல்லுறியள். நல்லது. அந்தப் பொதுவில என்னையும் சேர்க்கிறதுக்கு முதல், எனக்கு என்ன வேணும் எண்டு என்னட்டக் கேட்டனீங்களோ?"

நான் கேட்டிருக்கவில்லை. மகளிடம் கேட்டேன், தாயிடம் கேட்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. "இப்ப கேக்கிறன், சொல்லுங்கோ" என்றேன்.

அவர் சொன்னார். நான் மறுத்தேன். சொல்லிக் காட்டுவார்கள் என்று பயந்து உரிமையை விட்டுக்கொடுத்தால், சொல்லிக் காட்டுகிறவர்கள் வென்றதாகிவிடும் என்றேன். சொல்லிக் காட்டுவது எப்படியிருக்கும் என்று வாங்கிப் பார்த்தவளுக்குத்தான் தெரியும் என்றார் அவர். மருத்துவர் தன் பக்கத்துக்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் அவரை ஆதரித்துப் பேசப் போக, "ஐயா, உங்களோட முழுக்க ஒத்துப்போறன் எண்டு நினைக்காதேங்கோ" என்று தாய் அவருக்கும் ஒன்று வைத்தார். விசா தராமல் வைத்திருக்கிறதுக்குச் செலவழிக்கிற காசுக்கு ஏன் ஒருவரும் எல்லை கேட்கவில்லை என்று தாய் கேட்டபோது, மருத்துவர் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

மாணவிக்குப் பிறகு ஒரு பல்கலைக்கழகம், அவளைப் போன்றவர்களுக்கென்று வைத்திருந்த புலமைப்பரிசிலைக் கொடுத்தது. பல இடங்களுக்கு விண்ணப்பித்து, பல மறுப்புகளுக்குப் பிறகு கிடைத்தது. சட்டம் படிப்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். கட்டுமானப் பொறியியல் எடுத்தாள். "சட்டத்தில எல்லாம் பேச்சு, அன்ரி. பாலம் கட்டினால் நிக்கும்" என்றாள். விசா இன்னும் வரவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பல்கலைக்கழகம் மனமிரங்கியது என்பது என் கேள்விக்குப் பதில் அல்ல என்று நான் சொன்னால், நல்லது நடந்ததில் சந்தோஷப்படத் தெரியாதவள் என்கிறார்கள். சந்தோஷம்தான். புலமைப்பரிசில் ஒரு தயவு. தயவை நன்றியோடு வாங்கலாம். அதற்காக உரிமையைக் கேட்பதை நிறுத்த வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

லிட்கம் கூட்டம் பிறகும் நடக்கிறது. வருகிறவர்கள் மாறுகிறார்கள். தாய் இப்போது முன்வரிசையில் உட்காருகிறார். ஒரு முறை எங்கள் சங்கத் தலைவரும் வந்தார். ஓரமாக இருந்து கேட்டார். போகும்போது, "அடுத்த முறை தேத்தண்ணிக்கு நான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார். அரசு காசு வேண்டாம் என்பதில் தாய் அசையவில்லை. வேண்டும் என்பதில் நானும் அசையவில்லை. போன கூட்டத்தில் நூலக ஊழியர் வந்து விளக்கை அணைக்கப் போகிறோம் என்று சொன்ன பிறகும், வாகனத் தரிப்பிடத்தில் நின்று இருவரும் கை நீட்டி வாதாடினோம். பிறகு ஒரே காரில் ஏறி, நார்த்மீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே தொடர்ந்தோம்.